டி செக்‌ஷன்

காலை ஐந்தரைக்கே சென்னீர்குப்பத்துப் பள்ளியின் கழிவறைகளில் ஆசிட் நெடி கண்ணைக் கரித்தது. கோமளா முழங்காலிட்டு மஞ்சள் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையுறை கிழிந்து விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. பதினோரு பெண்கள், நாற்பத்திரண்டு கழிவறைகள். ஏழு மணிக்குள் எல்லாம் பளபளக்க வேண்டும். அன்று அட்மிஷன் நாள்; அடுக்குமாடிகளிலிருந்து கார்கள் வரும்.

வாசலில் இருபதடி பேனர்: 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி.' ஆகா, என்ன சாதனை! தேறாது என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாவதோடு டிசி கொடுத்து விரட்டிவிட்டால் எந்தத் தற்குறியும் இதைச் சாதிக்கலாம். முந்தின நாள் கோமளாவின் மகள் பவித்ராவின் கையிலும் அப்படியொரு டிசியைத் திணித்து அனுப்பியிருந்தார்கள்.

ஆறேகாலுக்குத் தாளாளர் சிவராமனின் கார் நுழைந்தது. கோமளா பிரஷ்ஷைப் போட்டுவிட்டு, கூட வந்திருந்த மகளை இழுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

“நா எப்போ சார் டிசி கேட்டேன்? எம் பொண்ண ஏன் சார் தொர்த்துறீங்கோ?”

“கணக்குல முப்பத்தொண்ணு. உங்க ஜனத்துக்குப் படிப்பு ஏறாதும்மா. ஏ செக்‌ஷனப் பாரு. குவார்ட்டர்ஸ் பசங்க, ஃப்ளாட் பசங்க, எல்லாம் தொண்ணூறுக்கு மேல. அது ரத்தத்துலயே இருக்கணும்.”

ரத்தமாம், ரத்தம்! ஏ செக்‌ஷனுக்குக் கணக்குக்கு மட்டும் இரண்டு ஆசிரியர்கள், மாலையில் தனி வகுப்பு வேறு. கழிவறை கழுவுகிறவர்கள், சித்தாள்கள் பெற்ற பிள்ளைகளைப் பொறுக்கிப் போட்ட டி செக்‌ஷனில் நவம்பரோடு கணக்கு வாத்தியார் நின்றுவிட்டார். அந்தப் பீரியடில் பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு நாற்காலி சுமந்தார்கள். இந்தப் புண்ணியவான் நாற்காலிக்கு மார்க் போட்டிருந்தால் பள்ளியில் அவர்கள்தான் முதலிடம்.

“நீயே கேட்டு வாங்கினதும்மா. இதோ உன் கையெழுத்து.” ஃபைலைத் திறந்து மேசையில் எறிந்தார்.

கோமளா குனிந்து பார்த்தாள். அவள் கையெழுத்துதான். கையுறை கொடுத்த அன்று, வாங்கிக்கொண்டதற்கு என்று ஆளுக்கொன்றாக நீட்டிய ஆங்கிலத் தாளில் எல்லோரும் வரிசையாகப் போட்டார்கள். எதை நீட்டினாலும் போட்டுத்தான் பழக்கம்.

பவித்ரா ஃபைலை எடுத்து உரக்கப் படித்தாள். “ஊரு மாறிப் போறோம், டிசி குடுங்கன்னு நீ எய்திக் கேட்டுகிறியாம்மா.” தாள்களைப் புரட்டினாள். “சாமுண்டி அத்தே, உன் புள்ளைக்கும் கீது. மொத்தம் ஆறு.”

“அடப்பாவி! சோப்பு குடுத்தா கூட இனிமே படிச்சிப் பாக்கணுமா?” என்று அலறினாள் வராந்தா துடைக்கும் சாமுண்டீஸ்வரி.

சிவராமன் பாய்ந்து ஃபைலைப் பிடுங்கினார்.

“ஏறாதுன்னியே சார்,” என்றாள் கோமளா. “உன் இங்கிலீசு காயிதத்த இப்போ யாரு படிச்சா?”

“ஏழு மணிக்குப் பேரண்ட்ஸ் வராங்க. போய் வேலையப் பாருங்க. இல்லேன்னா வேற ஆள் வெச்சுக்குவேன்.”

வேலை போனால் என்ன கதி என்று எல்லோருக்கும் தெரியும். தன் பிள்ளை யாரும் இங்கே படிக்காத பொன்னியம்மாதான் முதலில் வாளியைத் தூக்கினாள்.

“அவன் வெச்சிக்கட்டும். வர்றவளுக்கும் புள்ள இருக்கும்ல, அவளாண்டயும் சொல்வோம். வாங்கடி கேட்டாண்ட.”

வாசலில் பேனருக்குக் கீழே பதினோரு வாளிகள் வரிசையாக நின்றன. வாளிக்குப் பக்கத்தில் ஆளுக்கொருத்தியாக உட்கார்ந்தார்கள். முதல் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பெண் கேட்டாள்: “இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?”

“இருக்குக்கா,” என்றாள் பவித்ரா, அம்மாவை ஒட்டி உட்கார்ந்தபடி. “பத்தாவது டி செக்‌ஷன் இங்கதான் நடக்குது. கணக்கு வாத்தியாருக்குக் காத்துகினு கீறோம்.”