பரஞ்சோதியின் வாசனை

ஒரு வாசனைச் செடிக்கு ஒருவருடைய பெயரை வைத்தால், செடியின் வாசனை அவருக்குப் போய்விடும். அவருடைய வாசனை செடிக்கு வந்துவிடும். தாவரவியலில் இது பழைய வழக்கம். அதனால்தான் பெரிய மனிதர்கள் வாசனைச் செடி என்றால் தாராளமாகத் தங்கள் பெயரைக் கொடுக்கிறார்கள். காளானுக்கு யாரும் முன்வருவதில்லை.

ஆய்வாளர் திலகவேணி கல்வராயன் மலைச் சரிவில் ஒரு புதிய புதர்ச்செடியைக் கண்டுபிடித்தாள். இலையைக் கசக்கினால் எலுமிச்சைத் தோலும் கற்பூரமும் கலந்த மணம். அந்த மணத்தைத் தேடி ஒரு மழைக்காலம் முழுக்க முள்ளில் கிழிபட்டிருந்தாள். மலையின் பெயரையே வைக்க நினைத்தாள்.

இயக்குநர் பரஞ்சோதி அவளைக் கூப்பிட்டார். அறையில் வழக்கம்போல மூக்குப்பொடியும் நேற்றைய சாம்பாரும் மணந்தன.

"மலைக்கு எதுக்கும்மா? அதுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே."

"உங்களுக்கும் இருக்கே சார்."

"உன் பதவி உயர்வு என் கையிலதான் இருக்கு. சும்மா சொன்னேன்."

செடி அவர் பெயரில் லத்தீனில் வெளியானது. அன்று மாலையே அவர் கமகமக்கத் தொடங்கினார். அலுவலகமே அவருடைய எளிமையைப் பாராட்டியது.

திலகவேணி மலையேறிப் போய் ஓர் இலையைக் கசக்கினாள். மூக்குப்பொடியும் சாம்பாரும். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பூக்கள் விரிந்து கிடந்தன. ஒரு தேனீகூட வரவில்லை. தேனீக்களெல்லாம் இயக்குநர் அறையில் இருந்தன.

காய் பிடிக்காவிட்டால் இனமே அழிந்துவிடும். அவள் நேராக அவரிடம் போனாள்.

"பூ முடியறவரைக்கும் நீங்க செடி பக்கத்துல நிக்கணும் சார்."

"குடை கொடுப்பீங்களா?"

"கொடுப்போம் சார்."

"அப்ப நிக்கறேன்."

நின்றார். தேனீக்கள் அவர்மேல் மொய்த்தன. இடம் கிடைக்காதவை அவரை உரசிவிட்டு வேறு வழியில்லாமல் செடிக்குப் போயின. திலகவேணி அவ்வப்போது அவர் தோள் பக்கம் போய் மூச்சை ஆழமாக இழுத்துக்கொள்வாள். தன் செடியை முகர அவளுக்கு வேறு வழி இல்லை. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

காய் நன்றாகவே பிடித்தது. விதைகள் முளைத்த செய்தி கேட்டு இயக்குநரின் மனைவி அமிர்தவல்லி சரிவுக்கு வந்தார். நாற்றுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுக்குத்தான் அவர் நெத்தி அப்படியே வந்திருக்கு" என்று ஒன்றைப் பெயர்த்து, மண்ணோடு பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஜூன் மாதம் அதற்கு எல்.கே.ஜி.யில் இடம் கிடைத்தது.