ஆமென் அத்தைக்குப் படுக்க இடமில்லை

1

இந்தக் கதை ஓர் உத்தரவில் பிறந்தது. சபைச் செயலாளரான மரக்கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: "பட்டம் வாங்கியிருக்கியே, நம்ம ஆமென் அத்தையப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடும்மா. அடக்கத்தன்னிக்கு வாசிக்கணும்."

"அத்தை உயிரோட இருக்காங்களே."

"தொண்ணூறு தாண்டியாச்சு. கடைசி நேரத்துல ஓடிக்கிட்டா இருக்க முடியும்? தயாரா இருந்தா நல்லதுதானே."

அவர் சவப்பெட்டியும் செய்து விற்கிறவர். தயாராக இருப்பது அவர் தொழில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்கு ஊர் கொடுத்த முதல் வேலை, உயிரோடிருப்பவளுக்கு இரங்கல் எழுதுவது. எழுத உட்கார்ந்தேன். இரங்கல் வரவில்லை, இது வந்தது.

2

பாதியில் விட்ட தொடக்கங்கள்:

"ஏழைகளின் கண்ணீரைத் துடைத்த கரங்களுக்குச் சொந்தக்காரரான அவர்—" (அத்தை யார் கண்ணீரையும் துடைத்ததில்லை. அழுகிறவர்களை அதட்டிச் சாப்பிட வைப்பாள்.)

"அமைதியே உருவான அவர், ஆலயத்தின் முன்வரிசையில்—" (பொய். பிரசங்கம் நீண்டால் நடுவிலேயே உரக்க "ஆமென்" சொல்லி முடித்துவைப்பாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவளுக்குப் பயந்து சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்ட போதகர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். யாருக்கு நன்றி சொல்வதென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.)

"தன்னிடம் இருந்ததையெல்லாம் வாரி—" இது உண்மைதான். ஆனால் இப்படிச் சொன்னால் ஒன்றுமே தெரிவதில்லை. கட்டிலைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவள் ஈரத் தரையில் கிடக்கிறாள் என்று தன் கட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வண்டி ஓட்டிக் களைத்து வந்த கணவர் வெறுந்தரையைப் பார்த்து, "நாளைக்கு என்னையும் யாருக்காவது குடுத்துருவியா?" என்றாராம்.

"உன்னை யாரு வாங்குவா?" என்றாளாம் அத்தை.

(இன்னொன்று: "அவர்" என்று எழுதினால் அத்தை சிலையாகிவிடுகிறாள். "அவள்" என்றே எழுதுகிறேன். கோபமிருந்தால் அவளே வந்து கேட்கட்டும்.)

3

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தம்பதிக்கு ஒரே கல். ஒருவர் போனதும் இருவர் பெயரையும் வெட்டிவிடுவார்கள். இருப்பவருக்குத் தேதி மட்டும் காலி. அத்தையின் கணவர் போய் வெகுகாலமாயிற்று. அவருக்குப் பக்கத்து இடம் அத்தைக்கு.

புதிதாக வந்த போதகர், இறந்தோர் நினைவு ஆராதனைக்காகத் தோட்டத்தைச் சுற்றிவந்து கற்களிலிருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டார். அத்தையின் கல்லருகே இரண்டு மண்மேடுகள் இருந்தன. தேதி வெட்ட மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துவிட்டார். ஊரே ஆமென் அத்தை என்று கூப்பிடுகிறவளின் நிஜப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே கல்லைப் படித்துத்தான் தெரியும்.

ஞாயிறன்று ஒவ்வொரு பெயராக உருக்கத்தோடு வாசித்தார். ஒரு பெயருக்கு முன்வரிசையில் அத்தை எழுந்தாள்.

"இருக்கேன் ஐயா."

போதகர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"அது என் பேரு. நான் இன்னும் போகல. நீங்க அடுத்த ஆளப் படிங்க."

ஆலயமே குலுங்கிச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தார்கள். அப்படியானால் அந்த இரண்டாவது மேட்டுக்குள் இருப்பது யார்?

4

அத்தை ஒளிக்கவில்லை. அவன் கிணறு வெட்ட வெளியூரிலிருந்து வந்தவன். மண் சரிந்து செத்தான். தேடி யாரும் வரவில்லை. உறுப்பினர் அல்லாதவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்றது அன்றைய சபைக் குழு. என் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அத்தை அவனை அங்கே வைக்கச் செய்துவிட்டாள். தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவர்களும் அங்கேயே போய்ப் படுத்துவிட்டார்கள்.

"எம் புருஷனுக்குப் பேச ஒரு ஆளு வேணும்," என்றாள் அத்தை. "இவன் எந்திரிச்சுப் போகவும் மாட்டான்."

குழு கூடியது. மரக்கடைக்காரர் பொறுமையாகத்தான் பேசினார். "அத்தைக்கு வேற இடம் இல்ல. மிச்சமெல்லாம் குடும்பங்களுக்கு ஒதுக்கினது. அந்த ஆள எடுத்து மதிலுக்கு வெளிய வைப்போம். நீங்க உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிம்மதியாப் படுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"விருந்தாளிய எழுப்பி வெளிய அனுப்பிட்டு, அந்தப் பாயில நான் படுக்கணுமா? முடியாது."

"அப்போ உங்களை எங்க வைக்கிறது?"

"அது உங்க பாடு. நாறினா வைக்காமலா போயிருவீங்க?"

5

இந்த இடத்தில் மரக்கடைக்காரரை இன்னும் மோசமானவராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அத்தைக்கு மூச்சு முட்டிய மழைநாளில் மருத்துவரைத் தன் வண்டியில் ஏற்றிவந்தவர் அவர்தான். அவளுக்கு நல்லது செய்வதாக மனதார நம்பினார். அதுதான் என் எரிச்சல். அயோக்கியனாக இருந்திருந்தால் எழுத எவ்வளவு வசதி.

"மதிலுக்கு வெளியே" என்று அவர் சாதாரணமாகச் சொன்ன இடத்தில் என் அப்பா இருக்கிறார். ஊருக்கெல்லாம் குழி வெட்டியவர். எங்களைச் சபையில் சேர்த்ததே இடங்களைப் பங்கு போட்டு முடித்த பிறகுதான். அப்பாவுக்குப் பின் அம்மா மண்வெட்டியை எடுத்தாள். பொம்பளை வெட்டிய குழியில் யார் இறங்குவது என்று கேட்டார்கள். "எறங்கினவன் எவனும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்லயே," என்று சொல்லி, இன்னொரு மண்வெட்டியோடு அம்மாவின் பக்கத்தில் குழிக்குள் இறங்கியவள் அத்தை.

(அடிக்குறிப்பு: எழுதும்போது கோபப்படாதே, நடுநிலை வேண்டும் என்று கல்லூரியில் ஒரு பேராசிரியர் சொன்னார். அவர் அப்பாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.)

6

முடிவு, குழு விரும்பியபடி: கிணறு வெட்ட வந்தவனை வெளியே எடுக்கிறார்கள். அத்தை அழுது, அடங்கி, நன்றி சொல்—

முடிவு, என் தோழிகள் விரும்பியபடி: தோண்டுவதற்கு முந்தின இரவே அத்தை தூக்கத்தில் போய்விடுகிறாள். ஊர் திருந்தி அழுகிறது. இதை ஒரு பக்கம் எழுதியும்விட்டேன். படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஓர் ஊர் திருந்துவதற்கு அவள் எதற்காகச் சாக வேண்டும்?

நடந்தது இதுதான். தோண்ட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். வெளியூரிலிருந்து ஓர் ஆளை அழைத்துவந்தார்கள். காலையில் போனால், அந்த மேட்டின் மேல் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்திரிங்க அத்தை," என்றார் மரக்கடைக்காரர்.

"எதுக்கு? என் இடத்துல நான் உக்காந்திருக்கேன். கல்லப் படிச்சுப் பாரு."

வெளியூர் ஆள் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "செத்தவங்களத் தோண்டணும்னுதானே கூட்டிட்டு வந்தீங்க. இவங்க பேசுறாங்களே."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. கல்லில் பெயர் உள்ளவர் சம்மதிக்காமல் மண்ணைத் தொடக்கூடாது என்றார் போதகர். அது குழு போட்ட விதிதான்.

"அப்போ அத்தைக்கு இடம்?" என்று கேட்டார் மரக்கடைக்காரர். அவருக்கு அது நிஜமான கவலை.

அவர் மனைவி முன்னால் வந்தாள். "என் இடத்த எடுத்துக்குங்க அத்தை. இவர் பக்கத்துல இத்தன வருஷம் படுத்தது போதும்."

சிரிப்பு அடங்குவதற்குள் தையல்காரர் தங்கள் இரண்டு இடத்தையும் தருவதாகச் சொன்னார். பிள்ளைகளோடு வெளியூருக்குப் போகிறவர்களாம். பால்காரர் தன்னுடையதைச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை, "எனக்கு எங்க வச்சாலும் சரி," என்றாள்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எல்லாம் எனக்கா?"

"உங்களுக்குத்தான் அத்தை."

"திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"மாட்டோம்."

"ஐயா, நீங்க சாட்சி. என் இடத்த நான் யாருக்கும் குடுக்கலாம்ல?"

போதகர் மரக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு, "குடுக்கலாம்," என்றார்.

அத்தை கையை நீட்டினாள். மதில் வாசலுக்கு வெளியே நின்றிருந்த என் அம்மாவை நோக்கி. "அடியே, உள்ள வா. தையல்காரர் இடம் ரெண்டும் உனக்கும் உன் புருஷனுக்கும். அவன இன்னிக்கே உள்ள கொண்டுவந்துருவோம். ஆள்தான் மண்வெட்டியோட வந்திருக்கானே."

அம்மா உள்ளே வந்தாள். வெளியூர் ஆளின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். "வேற யாரும் வேணாம். நானே வெட்டுறேன்."

மரக்கடைக்காரர் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் வண்டியில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. அவரே இறக்கினார்.

அன்று மாலை என் அப்பா வாசல் வழியாக, எல்லோரும் எழுந்து நிற்க, உள்ளே போனார். ஜெபத்தை நீட்டிக்கொண்டே போன போதகரை அத்தை நடுவில் நிறுத்தவில்லை. என் வாழ்நாளில் அப்படிப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

7

மரக்கடைக்காரர் மறுபடி வந்து கேட்கிறார்: "எழுதியாச்சா? எந்த இடத்துலன்னு கடைசி வரியில போடணுமே."

போட முடியாது. பால்காரர் கொடுத்த இடம் போன மாதம் அநாதை விடுதிச் சமையல்காரிக்குப் போயிற்று. ஆசிரியையின் இடத்தையும் யாருக்கோ பேசிவைத்திருக்கிறாள். மரக்கடைக்காரரின் பக்கத்து இடம் மட்டும் மிச்சம். அதைப் பற்றிக் கேட்டால், "யோசிக்கணும்டி," என்கிறாள்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்கள் ஊரில் உங்களுக்கென்று ஓர் இடம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முன்வரிசையில் இருப்பாள். கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அதில் அவளே படுப்பாள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அத்தைக்கு அவசரமில்லை. மதிலுக்கு வெளியே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.