அறுபத்தொன்றாம் ஜாடி

ஏழாம் நம்பர் ஜாடியில் ஸ்பிரிட் இரண்டு விரற்கடை இறங்கியிருந்ததை சுருளிவேல் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனி மாசம், கோம்பை மலையிலிருந்து இறங்குகிற காற்று வீட்டு ஓடுகளையே தூக்குகிறது, ஜாடிக்கோ வெறும் தக்கை மூடி. குறையாமல் என்ன செய்யும்? பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே கடைசிக் கட்டத்தில் 'ஆவியாகியது' என்று எழுதினான். மறுநாள் எட்டாம் ஜாடி குறைந்தது. அதற்கும் மறுநாள் ஒன்பது. காற்று என்ன நம்பர் பார்த்தா குடிக்கும்? ஆனாலும் மனுசன் ஒவ்வொரு நாளும் 'ஆவியாகியது' என்றே எழுதிக்கொண்டு போனான்.

அந்த ஊரில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் ராமேஸ்வரம் போய்வந்த நாலைந்து பேர்தான். அப்படிப்பட்ட ஊரில் தொண்ணூற்றாறு ஜாடிக் கடல் வந்து இறங்கியது என்றால் அதற்கு யுத்தம்தான் காரணம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னைப்பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் அது, 1942. சுருளிவேல் அங்கே ஒரு ஆபீசில் குமாஸ்தா. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களைப் பிடித்துவந்து, கெடாமல் ஸ்பிரிட்டில் போட்டு, பெயர் கண்டு, பதிந்து வைக்கிற ஆபீஸ். பவளம், கடற்பஞ்சு, கடல் அட்டை, பூப்போல விரிகிற கடல் சாமந்தி. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் எது எந்த இடத்தில் கிடைத்தது, எத்தனை பாகம் ஆழத்தில், என்ன தேதியில், யார் மூழ்கி எடுத்தது என்று இருபது வருஷச் சீட்டுகளையும் ஒரே பட்டியலாகத் தொகுக்கும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. ஊருக்குக் கொண்டுபோய் அங்கேயே முடி என்று ஆபீஸ் துரை சொல்லிவிட்டார். தேனி வரை ரயில், அங்கிருந்து வைக்கோல் பரப்பிய இரண்டு மாட்டுவண்டி.

கிளம்புகிற அன்று துரை ஒரு விஷயம் சொன்னார். அறுபதாம் எண் வரைக்கும் நல்ல சாராய ஸ்பிரிட். யுத்தத்தில் அது கிடைக்காமல் போனதால் அறுபத்தொன்றிலிருந்து கடைசிவரை, அதாவது சாமந்தி அத்தனையும், மரத்திலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் கிடக்கின்றன. வாசனையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு குவளை உள்ளே போனால் கண் போய்விடும், அதற்கு மேல் போனால் ஆளே போய்விடுவான். யார் இதைக் குடிக்கப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுருளிவேலும் சிரித்தான்.

ஜாடிகளை வைக்க இடம் கொடுத்தது அண்ணன் ஒச்சாண்டி. விதைச் சோளம் போட்டிருந்த அறையைக் காலி செய்து, சுவரில் மூன்று பலகை அடித்து, ஒவ்வொரு ஜாடியையும் சாமி கலயம் தூக்குவதுபோலத் தன் கையாலேயே தூக்கிவைத்தார். கீழ்ப்பலகையில் கடற்பஞ்சு, நடுப்பலகையில் கடல் அட்டை, மேல்பலகையில் சாமந்தி. தகப்பன் செத்தபோது சுருளிவேலுக்கு ஆறு வயது. கிணற்றுத் தோட்டத்தில் பாதியை விற்றுத் தம்பியைப் படிக்கவைத்த மனுசன் அவர். எழுத்து வாசனை அவருக்குக் கிடையாது. அவர்கள் பங்காளிகளின் கருப்பசாமிக்கு அவர்தான் சாமியாடி. ஊரில் அவரை மறித்து ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

பதினைந்தாம் ஜாடி குறைந்த அன்று சுருளிவேலுக்கு உள்ளதெல்லாம் தெரிந்துபோயிற்று. வாசலில் கட்டிக்கிடப்பது கோம்பை நாய். வெளியாள் எவனும் அதைத் தாண்டி அறைக்குள் கால் வைத்துவிட முடியாது. மதினி ராக்கம்மாள் அந்த வாடைக்கே மூக்கைப் பொத்துவாள். மிச்சம் யார்? யுத்தம் வந்ததிலிருந்து பக்கத்துச் சாராயக்கடை மூடிக்கிடந்தது. காலையில் அண்ணனின் கை நடுங்குவதை அவனே பார்த்திருக்கிறான். இப்போது கொஞ்ச நாளாக நடுக்கம் இல்லை. மத்தியானம் தம்பி சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் நடக்கிற காரியம் அது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ச்சிப் பழகியவர் அல்லவா, ஒரே ஜாடியில் கைவைக்காமல் நாளுக்கு ஒன்றாக, ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். தம்பியின் பொருளுக்கு நட்டம் வந்துவிடக் கூடாதாம்!

சுருளிவேல் எண்ணிப் பார்த்தான். நாளுக்கு ஒன்று. அறுபத்தொன்றுக்கு இன்னும் நாற்பத்தாறு நாள். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நாற்பத்தாறு நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டான்.

அறையைப் பூட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூட்டாக இருக்கிற வீட்டில், அண்ணன் கொடுத்த அறைக்குத் தம்பி பூட்டுப் போட்டால் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்டதாக அர்த்தம். பங்காளிகள் மறுநாளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாமந்தி ஜாடிகளைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கலாம். அதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. அந்தக் கரையில் சாமந்திகளை இதுவரை யாரும் முழுதாகப் பதிந்ததில்லை. அறுபத்தொன்றாம் ஜாடியில் இருந்தது எந்தப் பட்டியலிலுமே இல்லாத ஒன்று. பட்டியல் அச்சானால் அடியில் தொகுத்தவன் பெயர் என்று தன் பெயர் வருமே என்ற ஆசையும் இருந்தது. பொய் சொல்வானேன், அந்த ஆசை நிறையவே இருந்தது.

நாற்பது போயிற்று. ஐம்பது போயிற்று. சீட்டில் ஆழம் எத்தனை பாகம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருளிவேலின் கண் மேல்பலகைக்குப் போய்விடும். ஐம்பத்தாறு குறைந்த அன்று சாயங்காலம் துணிந்து தோட்டத்துக்குப் போனான். ஒச்சாண்டி கிணற்றில் நீர் இறைக்கிற கமலை வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்த அறையில இருக்க ஜாடி..." என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். ஒச்சாண்டியின் கை நின்றது. அவர் நிமிரவில்லை.

"ஒன் ஜாடி, ஒன் வேலை. நான் அங்கன எதுக்கு வாரேன்? அந்தப் பக்கம் காலெடுத்து வச்சதில்லப்பா" என்றார்.

குரல் ஒடுங்கியிருந்தது. பத்துக் கிராமம் பார்த்து நடுங்குகிற ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் போலப் பொய் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் நீ திருடன், நீ பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். "சும்மாதாண்ணே கேட்டேன்" என்று சுருளிவேல் திரும்பிவிட்டான். பாவி, விஷம் என்ற ஒரு சொல்லைத் தோட்டத்திலிருந்து அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான்.

வருகிற வழியில் ஒரு வாழைத்தோப்பில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. முற்றிய தார் ஒன்றில் திருநீறு பூசி, கருப்புக் கயிறு கட்டியிருந்தது. கருப்பனுக்கு நேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கட்டியபின் எப்பேர்ப்பட்ட திருடனும் கைவைக்க மாட்டான். கருப்பனுக்கு என்றால் அண்ணன் கிட்டவே வரமாட்டார், மானத்தோடு ஒதுங்கிவிடுவார், தானும் வாய் திறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தவுடன் அறுபத்தொன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை முப்பத்தாறு ஜாடிக்கும் திருநீறு பூசிக் கயிறு கட்டினான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

செவ்வாய் ஐம்பத்தேழு அப்படியே இருந்தது. புதனும் இருந்தது. வியாழனும் இருந்தது. கயிற்றைப் பார்த்ததும் அண்ணன் மொத்தமாகவே விட்டுவிட்டார் என்று சுருளிவேலுக்கு உயிர் திரும்பிவந்தது. மதினி மட்டும், "அவுக மூணு நாளா விரதம் புடிக்காக, எதுக்குன்னு கேட்டா சிரிக்காக" என்றாள். குடியை விடுகிற மனுசன் விரதம் இருப்பது நல்லதுதானே என்று இவன் நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை, பட்டியலின் முதல் பாதியைத் தபாலில் சேர்க்க உத்தமபாளையம் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். அண்ணனைக் காணோம்.

"சாமிக்குப் படைச்சாக. அசந்து படுத்துட்டாக" என்றாள் மதினி.

வெள்ளிக்கிழமை கருப்பனுக்கு உகந்த நாள், கோயிலில் படைத்திருப்பார் என்று இவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

சனிக்கிழமை விடிந்து, வெயில் ஓட்டுக்கு வந்தபின் அறையைத் திறந்தான். தரை மெழுகியிருந்தது. மேல்பலகைக்குக் கீழே கற்பூரம் எரிந்த கரி, உடைத்த தேங்காய் ஒரு மூடி, கழுவிக் கவிழ்த்த ஒரு குவளை. அறுபத்தொன்றாம் ஜாடியின் கயிற்றை அறுக்காமல், முடிச்சை நிதானமாக அவிழ்த்துப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தது. ஜாடி காலி. எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்தச் சாமந்தி அடியில் ஒட்டிக் கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அட அறிவுகெட்டவனே, வாழைத்தாருக்குத் திருநீறு பூசினால் தொடாதே என்று அர்த்தம். சாராயத்துக்குப் பூசினால்? அது படையல் அல்லவா! சாமியாடி படைத்து, சாமியாடியே குடித்தாக வேண்டும். படைக்காமல் வைத்திருந்தால்தான் குற்றம். சின்ன வயசில் அண்ணன் தோளில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்தது! பட்டணத்துச் சோறு பாதியை மறக்கடித்திருந்தது.

முற்றத்தில் நல்ல வெயில். ஒச்சாண்டி அதன் நடுவில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டு முகத்தைத் திருப்பினார். பார்வை தம்பியைத் தாண்டி எங்கோ போயிற்று.

"ஏலே சுருளி, இன்னுமா விடியல?"

உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். ராக்கம்மாள் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். அண்ணனின் தலை சுருளிவேலின் மடியில் இருந்தது. எங்கே பார்த்தாலும் இலவம்பஞ்சு பறப்பதுபோல வெள்ளையாகத் தெரிகிறது என்றார். கோகிலாபுரம் தாண்டும்போது வெள்ளையும் போய்விட்டது என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டுமுறை வாந்தி எடுத்தார். அப்புறம் கொஞ்சம் தெளிந்து, தம்பியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"ரெண்டு மாசமா ஒன் ஜாடியில திருடித்தான்டா குடிச்சேன். ஒன் மொகத்தப் பாக்க முடியல. நீ எல்லாந் தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்காம, கருப்பனுக்குன்னு நேந்து கயிறு கட்டி வச்சிருந்த பாரு... தம்பி எனக்குத்தான் மானமாக் குடுக்கான்னு புரிஞ்சுக்கிட்டேன். மூணு நாள் விரதம் இருந்து, நேத்துத்தான் திருடாமக் குடிச்சேன்."

சுருளிவேலுக்கு ஓவென்று அழுதுவிடலாம் போலிருந்தது. அழுதால் மதினி ஏன் என்று கேட்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிறகு ஒச்சாண்டி ராக்கம்மாளுக்கும் கேட்கும்படி, நிதானமாகக் கேட்டார்.

"மேல்பலகையில இருந்தது வேறன்னு ஒனக்குத் தெரியாதுல்ல?"

ராக்கம்மாளின் அழுகை நின்றது. அவள் கொழுந்தனின் முகத்தையே பார்த்தாள். சுருளிவேல் தன் கையில் இருந்த அண்ணனின் கையைப் பார்த்தான்.

"தெரியாதுண்ணே" என்றான்.

ஒச்சாண்டி தலையை ஆட்டினார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.