ஹெல்ப் திறந்தது

பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன ஆபீஸ் அது. கடைகளுக்கு அனுப்பும் பேக்கேஜில் எந்தெந்தக் கோப்புகள் போகவேண்டும் என்ற பட்டியலைக் குமுதா இதுவரை கையால்தான் தட்டிவந்தாள். இன்று அதற்கொரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். ஃபோல்டருக்குள் கிடக்கும் எல்லாவற்றையும் அதுவே பார்த்துப் பட்டியல் போட்டுவிடும்.

ஓடவிட்டாள். பேக்கேஜ் பாதியில் நின்றது. ‘பன்டுவான்’ என்று ஒரு கோப்பு இல்லையாம். ‘பெங்குனா’ என்றும் இல்லையாம்.

“யாரு லா பேருக்கு நடுவுல எடம் விட்டது?” என்று எரிந்து விழுந்தாள்.

“நான்தான்,” என்றான் பக்கத்து மேசை ரிஷி. “பன்டுவான் பெங்குனா. மலாய்ல யூசர் மேனுவல்! போன வருஷமே போட்டேனே.”

அந்த இடைவெளியால் ஒரே பெயர் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. பெயர்களை மேற்கோள் குறிக்குள் போடும்படி ஸ்கிரிப்டைத் திருத்தும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தட்டிய பட்டியலில் அந்தக் கோப்பு இருந்ததே இல்லை. ஹெல்ப் அழுத்தினால் ஒன்றும் வரவில்லை என்று கிள்ளான் மருந்துக்கடை ஆயிஷா அக்கா புலம்பும்போதெல்லாம், கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி மறுபடி போடச் சொன்னதும் அவள்தான்.

புதிய பேக்கேஜை அனுப்பினாள். மதியம் அக்கா கூப்பிட்டார்.

“குமுதா, ஹெல்ப் தொறக்குது லா!”

குமுதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “அப்பாடா! என்னக்கா போட்டிருக்கு?”

“மொத பக்கத்துலயே பெருசா போட்டிருக்கு. எந்தப் பிரச்சினைன்னாலும் கம்ப்யூட்டர மட்டும் ஆஃப் பண்ணாதீங்கன்னு.”