தணிகாசலம் வீட்டில் இல்லை

"தணிகாசலம் வீட்டில் இல்லை, பீப் சத்தத்துக்குப் பிறகு பேசவும்" என்று கார்ட்லெஸ் போனோடு வந்த பெட்டியில் தன் குரலிலேயே பதிவு செய்த நாள் முதல் தணிகாசலம் வீட்டில் இல்லை.

வெளியே இருந்தார், அதில் ஒரு குறையும் கிடையாது. தெருமுனையில் டீ குடித்தார், ஆபீசில் கையெழுத்துப் போட்டார். வாசற்படி தாண்டி உள்ளே கால் வைத்ததும் இல்லாமல் போனார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தார், சோபாவில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். "வீட்ல ஆளில்லப்பா" என்று கீழே குரல் கொடுத்துவிட்டு, சிலிண்டரோடு இறங்கிப் போனார்.

தணிகாசலம் முன்பெல்லாம் இதை வரமாகவே எடுத்துக்கொண்டிருப்பார். போன் அடித்தால் போதும், கையை ஆட்டி "இல்லைன்னு சொல்லு" என்று மனைவி குமுதாவுக்குச் சைகை காட்டியே காலம் தள்ளிய மனிதர். குடியிருப்போர் சங்கத்தார் கேட்டாலும் இல்லை, மேனேஜர் கேட்டாலும் இல்லை, கூடப் பிறந்த தம்பி கேட்டாலும் இல்லை. "கட்டின புருஷனை எத்தனை தரம்தான் இல்லை இல்லைன்னு சொல்றது? என் வாய் என்னத்துக்கு ஆகும்?" என்று குமுதா ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு குடியாத்தத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இல்லை என்று சொல்ல ஆள் வேண்டுமே என்றுதான் இந்தப் போனையே வாங்கினார். வாங்கிய பிறகு அவர் காத்திருந்தது ஒரே ஒருத்தியின் குரலுக்காக.

அவளும் கூப்பிட்டாள். தணிகாசலம் பாய்ந்து எடுத்தார். இல்லாதவர் எடுத்தால் போன் நிற்குமா? கையில் வைத்திருக்கும்போதே அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது மணிக்குப் பெட்டி அவருடைய குரலில் அவர் இல்லை என்றது.

"என்னங்க, நான்தான்" என்றாள் குமுதா. "வீட்ல இருந்துகிட்டு, நீங்களே போனை எடுத்து, நான்தான் பேசறேன், வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்துடறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொரு தரம் அடிப்பேன். அப்பவும் இல்லைன்னா, இங்க ஸ்கூல்ல வேலைக்குக் கூப்பிடறாங்க, சேர்ந்துடுவேன்."

அவர் பெட்டியிடம் ஓடினார். பதிவை மாற்றிவிடலாம் என்று பொத்தானை அழுத்தி, "தணிகாசலம் இருக்கிறேன்" என்று நாலைந்து விதமாகச் சொன்னார். போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பூத்துக்கு ஓடி குடியாத்தத்துக்குப் போன் போட்டார். மச்சான் எடுத்து, "குமுதா இல்லீங்களே மாப்ளே" என்றார். பின்னாலிருந்து "இல்லைன்னு சொல்லுண்ணா" என்பது தெளிவாகக் கேட்டது. தணிகாசலம் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டார். ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தார், சமையலறைக்குப் போனார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் போன் அடித்தது. தொண்டை கிழிய "வா, குமுதா" என்று கத்தினார். பெட்டி பேசி முடித்தது.

"ஆளில்லாத வீட்டைத் திறந்துபோட்டு வைக்க முடியாது" என்றாள் குமுதா. "நாளைக்கு வந்து பூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் பூட்டோடு வந்தாள். சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள். ஈரம் காயாத காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். தணிகாசலம் அவள் பின்னாலேயே அறை அறையாக நடந்தார், இரண்டு தரம் அவள் காலை மிதித்தும் விட்டார். அவள் சாவியைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. நாலாவது மணிக்குப் பெட்டி, தணிகாசலம் வீட்டில் இல்லை என்றது.

குமுதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விளக்கு வைக்கிற நேரத்துல இல்லை இல்லைன்னுகிட்டு" என்று முணுமுணுத்தபடி பொத்தானை அழுத்தினாள். "இருக்கிறார்" என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, கண்ணால் பார்க்காததை எப்படிச் சொல்வது? "இல்லை" என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"அவர் கடைக்குப் போயிருக்கார். அஞ்சு நிமிஷத்துல வந்துடுவார்" என்று பதிவு செய்தாள்.

தணிகாசலம் மளிகைக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கொத்து கறிவேப்பிலை. அதை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தார்.

"நான்தான் பேசறேன்" என்றார், மூச்சு வாங்க. "வா, குமுதா."

"வந்துட்டேன்" என்று கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டாள். பூட்டை ஆணியில் மாட்டினாள்.

பதிவு இன்னும் அதேதான். பெட்டி பேசிவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, தலைக்கு எண்ணெய் தேய்த்திருந்தாலும் சரி, தணிகாசலம் கடை வாசலில் நிற்பார். கடைக்காரர் கேட்காமலே ஒரு கொத்து எடுத்து நீட்டுவார். அதனால் முதல் மணியிலேயே குமுதா ஓடி எடுத்து, "இருக்கார், குடுக்கறேன்" என்கிறாள். யார் கூப்பிட்டாலும் அவர் பேசுகிறார், சங்கத்துக்குச் செயலாளராகக்கூட ஆகிவிட்டார்.

குமுதாவுக்குக் கோபம் வரும் நாட்களில் மட்டும் ரிசீவர் இருக்கிற இடம் தெரியாது. தலையணைக்கு அடியில், அரிசி டிரம்மில் என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே நாலாவது மணி அடித்துவிடும். போன வாரம் சேர்ந்த கறிவேப்பிலையைப் பொடி செய்து, கீழ்வீட்டுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தாள்.