எழுபத்தாறு சென்டிமீட்டர்

அருங்காட்சியகம் மறுபடி திறக்க இன்னும் ஒன்பது நாள். மூன்று வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏணி, பெயிண்ட் வாசனை, "அதைத் தொடாதீங்க" என்ற சத்தம். கட்டடக்கலைக்கென்றே இருக்கிற அருங்காட்சியகத்தைக் கூரை ஒழுகித்தான் மூடினார்கள் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. அது அவர்களுக்குள் வைத்துச் சிரிக்கிற சமாச்சாரம்.

அங்கே தச்சு வேலை முழுக்க ஸ்டூலக்காவின் பொறுப்பு. உயரம் நாலடி எட்டங்குலம். இந்த உலகத்தில் மேசை, அலமாரி, தாழ்ப்பாள் எல்லாம் மற்றவர்களுக்காகச் செய்தவை என்பதால் கையில் ஒரு ஸ்டூலோடுதான் நடமாடுவாள். பெயர் வைத்தது இங்குள்ளவர்கள் இல்லை. முப்பத்திரண்டு வருடம் முன்பு வேறொரு அலுவலகத்தில், வரைபட மேசை எட்டாமல் அவள் எக்கி நின்றதை ஒருவன் பார்த்தான். மறுநாள் காலை பழைய பெட்டியை அறுத்து ஒரு ஸ்டூல் செய்து அவள் இடத்தில் வைத்திருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அவள் "ஸ்டூலு". பின்னாலிருக்கிற அக்கா மட்டும்தான் இங்கே ஒட்டிக்கொண்டது.

அவன் பெரிய ஆர்க்கிடெக்ட் ஆனான். போன வருடம் போய்ச் சேர்ந்தான். அவன் தங்கை வரைபடங்களையெல்லாம் ஒன்பது நீளக் குழாய்களில் அடைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டாள். அவன் வரைந்து, கட்டாமலே விட்ட ஒரு வீட்டின் சமையலறையைப் புதுக் கூடத்தில் முழு அளவில் செய்து வைப்பதாக ஏற்பாடு. செய்ய வேண்டியவள் ஸ்டூலக்கா.

கண்காட்சிப் பொறுப்பாளர் வரைபடத்தைப் பட்டறை மேசையில் விரித்தாள். ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு, வயது முப்பது, மரியாதை தெரிந்த பெண்.

"அக்கா, சமையல் மேடை உயரத்துல ஒரு தப்பு இருக்கு. எண்பத்தாறுன்னு எழுத வந்தவர் எழுபத்தாறுன்னு எழுதிட்டார் போல. நீங்க எண்பத்தாறே வச்சுடுங்க."

ஸ்டூலக்கா குனிந்து பார்த்தாள். அவன் எழுத்துதான். ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு போடுகிற பழக்கம் போகவே இல்லை. மூலையில் தேதி இருந்தது. அவர்கள் பிரிந்து பதினோரு வருடம் கழித்துப் போட்ட தேதி.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அவளை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கைவரை டேப் பிடித்து அளந்து, அதில் கொஞ்சம் கழித்து, "நம்ம வீட்டு மேடை எழுபத்தாறு. உனக்கு ஸ்டூலே வேண்டாம்" என்றான். பிறகு அவனுக்குக் கடல் கடந்து வேலை வந்தது. கூட வா என்றான். அவள் அப்பா படுத்த படுக்கை. ரெண்டு வருஷம் பொறு என்றாள். மூன்றாம் வருடம் கடிதம் நின்றது. மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினாள். அவனை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் கல்யாணம் ஆயிற்று. கணவர் குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். வீட்டுக் கண்ணாடியை மட்டும் தன் உயரத்துக்கு மாட்டிவிட்டார். இருபத்தாறு வருடமாக அதில் அவளுக்கு நெற்றி மட்டும்தான் தெரிகிறது. சொன்னால் உடனே இறக்கி மாட்டுவார். ஏனோ அவளுக்குச் சொல்லத் தோன்றியதில்லை.

இப்போது எண்பத்தாறு வைத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. அவளுக்கென்று ஒருவன் போட்ட ஒரே அளவு இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

"இது தப்பு இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. தொழிலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு எடத்துல கை தவறலாம். இங்க பாருங்க. அலமாரி தாழ. சுவிட்ச் தாழ. கொக்கி தாழ. கைகழுவற தொட்டிமேல இருக்கிற கண்ணாடிகூட தாழ. எல்லாத்துலயுமா தவறும்?"

கண்ணாடி வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அவர் ஆறடி ஆளு, அக்கா. கல்யாணமும் பண்ணிக்கல. யாருக்கு இந்த வீடு?" என்று பொறுப்பாளர் உதட்டைப் பிதுக்கினாள். "சரி, ஒட்டுப்பலகையில ஒரு மாதிரி செஞ்சு காட்டுங்க. பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

மறுநாள் மத்தியானத்துக்குள் செய்துவிட்டாள். ஆணி அடிக்கும்போது கட்டைவிரலில் ஒரு அடி வாங்கிக்கொண்டாள். இத்தனை வருட அனுபவத்துக்கு அது அவமானம். பொறுப்பாளர் வந்து மேடை முன்னால் குனிந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சத்தியமா முடியலக்கா. நீங்க நில்லுங்க, பாப்போம்."

ஸ்டூலக்கா நின்றாள். இரண்டு கையும் தாமாகவே மேடைமேல் போய் உட்கார்ந்தன. எக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் அளவுப்படி மாட்டியிருந்த கண்ணாடியில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. நெற்றி, கண், மூக்கு, அழுகையை அடக்கப் பார்க்கிற வாய். மறக்கவில்லை, பாவி. பதினோரு வருடம் கழித்தும் மறக்கவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று அவன்மேல் கோபம் வந்தது. நீயாவது எழுதியிருக்கலாமே என்று தன்மேலும் வந்தது. அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. இந்த மேடையில் ஒரே ஒரு நாள் சமைத்திருந்தால் போதும் என்றிருந்தது.

பொறுப்பாளர் அவளைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். விஷயம் புரிய அரை நிமிடம்தான் ஆயிற்று.

"எழுபத்தாறே இருக்கட்டும்க்கா" என்றாள் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, "குறிப்பு அட்டையில, யாருக்காக வரைஞ்சார்னு தெரியலன்னு போட்டிருக்கோம். மாத்தட்டுமா?"

ஸ்டூலக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் அந்த நல்ல மனிதர் இந்நேரம் அவளுக்கும் சேர்த்து டீ போட்டு மூடி வைத்திருப்பார்.

"வேண்டாம் மேடம். அப்படியே இருக்கட்டும்."

திறப்புக்கு முதல் நாள் அலங்காரக்காரர் வந்து பாத்திரமும் துணியும் அடுக்கினார். மேடைக்கு முன்னால் பார்வைக்கென்று ஒரு ஸ்டூலையும் போட்டார். ஸ்டூலக்கா உள்ளே போய் அதைத் தூக்கினாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இந்த வீட்டுக்காரிக்கு ஸ்டூல் தேவைப்படாதுங்க."

ஸ்டூலோடு வெளியே வந்தாள். பார்வையாளர்கள் உள்ளே போகாமலிருக்க வாசலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டிய கயிறு கீழே கிடந்தது. அதையும் அவளேதான் கட்ட வேண்டியிருந்தது. மேல்கொக்கி உயரத்தில் இருந்ததால் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று கட்டினாள்.