எந்த அளவு ரவை

தவரத்தினம் அண்ணைக்கு எந்த அளவுத் துவக்கு ரவை பொருந்தும் என்று பாரிஸின் ரூ காய் தெருவில் கருத்துச் சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கோயில் ஐயர், மற்றது நான். ஐயரிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே அண்ணையின் நகைக்கடையில் ஒன்றரை வருடம் நின்று களைத்துப் போனேன்.

அண்ணை என் முதலாளி. 2016 மாசியில் ஒருநாள், கடை பூட்டிப் புறநகர்த் திரான்சிக்குப் போய் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியவரை ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் அடித்துப் போட்டுவிட்டு நகைப் பையோடு போய்விட்டார்கள். மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்ததும் முதல் வேலையாக ஒரு துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தார். கழகத்தில் பழகியவர்கள் இங்கே கைத்துவக்கு வாங்கலாம். ஆனால் வீட்டுக்கும் கழகத்துக்கும் இடையில் பெட்டியில் பூட்டித்தான் கொண்டுபோக வேண்டும். கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தால் மறியல், கம்பி எண்ண வேண்டியதுதான். அண்ணை கோட்டுக்குள் மறைக்கத்தான் வாங்கப் போகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேலாகக் கடையில் தங்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கொத்துரொட்டிக் கடைக்காரர் வந்து, "இருபத்திரண்டு நுளம்பு கடிச்ச மாதிரி அண்ணை, அவன் சொறிஞ்சுபோட்டு வருவான்" என்பார். சாறிக்கடைக்காரர், முப்பத்தெட்டு றிவோல்வர்தான் சிக்காது என்பார். இன்னொருவர், ஏழு அறுபத்தைந்து சின்னது, வண்டி வைத்தவர்களுக்கு நல்லது என்று அண்ணையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொல்வார். ஒன்பது மில்லிமீற்றர் ஆளைத் துளைத்து அடுத்த கடைக்குள்ளும் போய்விடும் என்று ஒரு சண்டை. இவர்களில் ஒருவர்கூடக் கையில் துவக்குப் பிடித்தவர் இல்லை. பிடித்திருந்தால் இப்படி வாய் கிழியாது.

நான் காப்புகளைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்து நிற்பேன். துவக்குச் சின்னதாகச் சின்னதாகக் கைக்குள் கூடுதலாகத் துள்ளும், முறிந்து பொருந்திய மணிக்கட்டு அதைத் தாங்காது, பயந்த கைக்கு எந்த அளவும் உதவாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவள் நான். பன்னிரண்டு வருடம் இருந்தேன். கடைசி இரண்டு வருடம், புதிதாக வந்த பெண்பிள்ளைகளுக்கு ஆயுதம் பழக்குவதுதான் என் வேலை.

இது பாரிஸில் ஒருவருக்கும் தெரியாது. அகதி விண்ணப்பத்தில் முன்பள்ளி ஆசிரியை என்று எழுதினேன். அதே கதையைத்தான் 2011இல் என்னைக் கட்டிய வாமதேவனுக்கும் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் இங்கே சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த 2008 மார்கழியில், அவருடைய ஒரே தம்பி பிரசாந்தனை விசுவமடு வீட்டிலிருந்து இயக்கத்துக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழு வயது. எட்டுக் கிழமையில், போராளியின் வித்துடல் என்று ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்க்க விடவில்லை. அன்றிலிருந்து இயக்கத்தில் இருந்த ஆளென்று தெரிந்தால் அவர் அந்த வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஆறு வருடமாக என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனிதர். அவரை இழக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அண்ணை ஒன்பது மில்லிமீற்றரே வாங்கினார், அதிலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னதாகப் பார்த்து. வாங்கிய சந்தோசத்தில் என்ன செய்தார் தெரியுமா? 2017 விஜயதசமியன்று கடையில் ஆயுத பூசைக்கு அதையும் கொண்டுவந்து வைத்தார்.

கடை திறக்க முன், காலை பத்து மணி. தராசு, உரைகல், குறடு, சாவிக்கொத்து, காட் மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து வாழையிலையில் அடுக்கியிருந்தேன். அண்ணை பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்து உரைகல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய மனைவி வள்ளிநாயகி அக்கா அதற்கும் ஒரு பொட்டு வைத்தா.

"அண்ணை, இதை எடுத்து உள்ளை வையுங்கோவன்" என்றேன்.

"ஏன் பிள்ளை? ஆயுத பூசையெண்டாலே இதுக்குத்தானே. தராசு என்ன ஆயுதமோ?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் கற்பூரத் தட்டை அக்காவிடம் கொடுத்தேன். துவக்கின் வாய் அக்காவின் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது. அக்கா தீபம் காட்டி முடியும்வரை நான் அதிலிருந்து கண் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாமதேவன் வந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் அவர்தான் சமையல். பூசைக்கு அவலும் கடலையும் அவருடைய பொறுப்பு. தட்டை இலைக்கு முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் துவக்கைக் கண்டார். முகம் கறுத்துவிட்டது.

"இதென்னண்ணை சாமிக்கு முன்னாலை?"

"பயப்பிடாதை வாமு. மகசீன் கழட்டிப்போட்டன். இப்ப வெறும் இரும்பு." அண்ணை துவக்கைத் தூக்கினார். "இஞ்சை பார், கைக்கு எவ்வளவு கச்சிதம் எண்டு."

தூக்கிய கை நேரே வாமதேவனின் நெஞ்சுக்குப் போனது. விரல் விசையில் இருந்தது.

"ஒருத்தரும் அசையக்கூடாது!"

அந்தக் குரல் என்னுடையதுதான். எட்டு வருடமாகக் கேட்காத குரல். அண்ணையின் மணிக்கட்டை நிலத்துப் பக்கம் மடக்கித் துவக்கைப் பறித்தேன். சுவர்ப் பக்கம் திருப்பி, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்தேன். உள்ளே இருந்த ரவை ஒன்று துள்ளிக் கடலைத் தட்டுக்குள் விழுந்தது. திறந்தபடி பூட்டி, சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். இருட்டில் பழக்கிய பழக்கம். பட்டப்பகலில், அவ்வளவு வெளிச்சத்தில், அந்த விரல் உள்ளே போயிருக்கத் தேவையில்லை. போய்விட்டது.

மகசீனைக் கழற்றினாலும் ஏற்றிய ஒரு ரவை உள்ளேயே நிற்கும். அது முதல்நாள் பாடம். கழகத்தில் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். அண்ணை அன்று அதை மறைக்கப் போகிற கோட்டின் விலையைத்தான் யோசித்திருப்பார்.

அக்கா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றா. அண்ணை கடலைத் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்ன கேட்டார் என்று நினைக்கிறீர்கள்?

"அப்ப தங்கச்சி... எனக்கு ஒன்பது சரிவருமோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"உங்களுக்கு ஒண்டும் சரிவராது அண்ணை. இனி ஆரும் வந்தா பையைக் குடுத்திட்டு உள்ளை ஓடுங்கோ."

அக்கா அவரைக் கையில் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனா. உள்ளே அவ பேசிய பேச்சு முழுவதும் கேட்டது. ஆனால் எனக்குக் காதில் ஏறவில்லை. வாமதேவன் வாடிக்கையாளர் கதிரையில் இருந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சின்னவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எண்ணெய் பட்டிருந்தது.

"நேர்சறி ரீச்சர்" என்றார்.

நான் விரலைத் துடைத்தேன்.

"எத்தினை வரியம்?"

"பன்ரண்டு."

"என்ன செய்தனீ அங்கை?"

"பழக்கினனான்."

"ஆரை?"

"புதுசா வாற பெம்பிளைப் பிள்ளையளை."

"வாற பிள்ளையளோ, கொண்டுவாற பிள்ளையளோ?"

"ரெண்டும். கடைசியிலை கொண்டுவாறதுதான்."

தலையை ஆட்டினார். கத்துவார், எழும்பிப் போவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று ஆறு வருடமாக எத்தனையோ விதமாக இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. முழங்காலில் கைகளை ஊன்றி, வைத்தியரிடம் விசாரிப்பவர் போல மெல்லக் கேட்டார்.

"முதல் நாள் அதுகள் எப்பிடி இருக்குங்கள்?"

இதை அவர் யாரிடமும் கேட்க முடிந்ததில்லை. தெரிந்தவர்களோடு அவர் பேசுவதில்லை, பேசுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி பக்கத்தில் படுத்திருந்தும் வாய் திறக்கவில்லை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. துவக்குப் பிடித்ததை ஒளித்ததைவிட இதை ஒளித்ததுதான் பெரிய பாவம் என்று அப்போதுதான் பட்டது.

"அதுகள் அழுங்கள்" என்றேன். "அம்மாட்டைப் போகோணுமெண்டு அழுங்கள். சாப்பிடாதுகள்."

"பெடியளும் அப்பிடித்தானோ?"

"அப்பிடித்தான் இருந்திருக்கும்."

"பேந்து?"

"மூண்டாம் நாள் நிப்பாட்டியிடுங்கள்."

அவர் முகத்தில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. தம்பி மூன்று நாள்தான் அழுதிருக்கிறான், பிறகு கூட்டாளிகள் சேர்ந்திருப்பார்கள், பழகியிருப்பான் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது.

"பழகியிடுங்களோ? என்னெண்டு நிப்பாட்டுங்கள்?"

ஓம், பழகிவிடுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருடம் சொன்ன பொய்களோடு இது ஒன்றும் பாரமில்லை. அவரும் அதைத்தான் கேட்கக் காத்திருந்தார். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது.

"நாங்கள் அடிப்பம்" என்றேன்.